ஆற்றுக்குக் கிடைத்தது, தெருவுக்குக் கிடைக்கவில்லை

எங்கள் வீட்டில் இரண்டு பெண்கள். அக்காவை வேலூர் கன்சால்பேட்டையில் கொடுத்தார்கள். என்னைக் கணியம்பாடி ஒன்றியத்தில் நாகநதியை ஒட்டிய ஓர் ஊரில். டவுன் பஸ் கிடைத்தால் ஒரு மணி நேரத்துக்குள் ஒருத்தி வீட்டுக்கு ஒருத்தி போய்விடலாம். வெயிலும் மழையும் இரண்டு பேர் தலையிலும் ஒன்றாகத்தான் இறங்குகின்றன. ஆனால் அவற்றைத் தாங்கிக்கொள்ள எனக்குக் கிடைத்த ஏற்பாடு அவளுக்குக் கிடைக்கவில்லை. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் ஆறு. நாகநதி, ஜவ்வாது மலையில் அமிர்திக் காட்டுப் பக்கம் பிறக்கிறது. கீழே இறங்கிக் கமண்டல நதியோடு சேர்ந்து, கமண்டல நாகநதி என்ற பெயரில் ஆரணியைத் தொட்டுப் போய்ச் செய்யாற்றில் விழுகிறது. செய்யாறு பாலாற்றில். வரைபடத்தில் நீலக் கோடாகப் பார்க்க அழகாகத்தான் இருக்கும். நான் கல்யாணமாகி வந்தபோது அது வெறும் வண்டித்தடம். டிராக்டர் போகும், ஆடு போகும், பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுவார்கள். என் மாமியார் மட்டும் அந்த மணலைக் காட்டி, "இங்கதான் கோடையிலயும் ஊத்துத் தோண்டித் தண்ணி மொண்டுகினு வருவோம்" என்று சொல்வார். யாரும் காதில் வாங்கியதில்லை. வசதி உள்ளவர்கள் எண்ணூறு அடி, ஆயிரம் அடி என்று போர் போட்டுக்கொண்டிருந்த காலம் அது.

நூறு நாள் வேலைச் சட்டம் 2005-ல் வந்தாலும், பழைய வேலூர் மாவட்டத்துக்கு அது 2008 ஏப்ரலில்தான் வந்து சேர்ந்தது. எங்கள் பக்கம் அதை 'ஏரி வேலை' என்பார்கள். ஏரியில் மண் வெட்டிக் கரையில் போடுவது. அடுத்த மழைக்கு அந்த மண் திரும்பவும் ஏரிக்குள் போகும். அடுத்த வருடம் மறுபடி வெட்டுவோம். நான் பட்டம் படித்திருந்ததால் என்னைப் பணித்தளப் பொறுப்பாளராகப் போட்டார்கள். ஜாப் கார்டு சரிபார்ப்பது, என்.எம்.ஆர். என்ற வருகைப் பட்டியலில் பெயர் எழுதுவது, அளவு காட்டுவது. வெட்டிய மண்ணின் அளவு குறைந்தால் கூலியும் குறையும். மாலையில் டேப் பிடிக்கும்போது என் கையையே அறுபது கண்கள் பார்த்துக்கொண்டிருக்கும்.

2014 வாக்கில் வாழும் கலை அமைப்பினர் ஒரு யோசனையோடு வந்தார்கள். அந்தத் திட்டத்தை நடத்தியவர் சந்திரசேகரன் குப்பன். ஆற்றை உயிர்ப்பிக்கலாம், அதற்குப் பெரிய அணை வேண்டாம், நூறு நாள் வேலையின் கூலியும் பெண்களின் கையும் போதும் என்றார்கள். கணியம்பாடி ஒன்றியத்தில் சலமநத்தம் பக்கமெல்லாம் வேலை தொடங்கியது. எங்கள் தளத்தில் ஒரு பெரிம்மா கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு என்னைக் கேட்டார்: "இன்னா பொண்ணே, ஆத்துல தண்ணி இல்லன்னு ஆத்துக்குள்ளயே கெணறு வெட்டச் சொல்றியே, இது இன்னா கூத்து?"

கூத்து இதுதான். மலையில் பெய்யும் மழை சரிவில் இறங்குகிற வேகத்தில் மணல் மேலேயே வழிந்து ஓடிவிடும். எங்கள் மண்ணுக்கு அடியில் இருப்பது கடினப் பாறை. அதன் மேலே உள்ள சிதைந்த அடுக்கிலும், பாறைக்குள் ஓடும் வெடிப்புகளிலும்தான் நீர் தங்க முடியும். நடுவே களிமண் அடைத்துக்கொண்டிருந்தால் எவ்வளவு வெள்ளம் வந்தாலும் ஒரு குடம் கூட உள்ளே இறங்காது. ஆகவே மலைச்சரிவு ஓடைகளில் கிடக்கும் கற்களையே குறுக்கே அடுக்கி நீரின் வேகத்தைக் குறைத்தோம். கீழே ஓடைப் படுகையில் களிமண் அடுக்கைத் தாண்டும் வரை குழி வெட்டி, சிமெண்ட் உறைகளை இறக்கி, அடியில் கல்லும் கூழாங்கல்லும் போட்டோம். தண்ணீர் எடுக்கும் கிணறு அல்ல அது, தண்ணீர் கொடுக்கும் கிணறு. அரசுக் காகிதத்தில் நீர் செறிவூட்டும் கிணறு, எங்கள் வாயில் ரீசார்ஜ் கிணறு. ஒரு கிணற்றால் ஒன்றும் ஆகாது. மலையடிவாரம் தொடங்கி ஓடை ஓடையாக, ஆயிரக்கணக்கில் வேண்டும். மொத்தம் 20,000 பெண்கள் இதில் வேலை செய்தார்கள் என்று வாழும் கலை சொல்கிறது. அந்தக் கணக்கில் எங்கள் தளத்துப் பெண்களும் உண்டு.

பலன் ஒரே மழையில் வரவில்லை. மெல்ல மெல்லக் கிணறுகளில் மட்டம் ஏறியது. கைவிட்ட போர்களில் மோட்டார் மறுபடி ஓடியது. 2021 செப்டம்பர் 26 அன்று, உலக நதிகள் தினத்தில், பிரதமர் தன் வானொலி உரையில் நாகநதியையும் அதை மீட்ட பெண்களையும் பெயர் சொல்லிப் பாராட்டினார். டீக்கடையில் அதைக் கேட்ட ஆண்கள் வந்து எங்களிடம் சொன்னார்கள். நாங்கள் அப்போது நாற்று நடவில் இருந்தோம்.

இதுவரை எல்லாரும் எழுதியதுதான். எழுதாதது ஒன்று உண்டு. நீர்மட்டம் யாருக்கு ஏறியது? கிணறும் பம்புசெட்டும் உள்ளவர்களுக்கு. தமிழ்நாட்டில் விவசாய மின்சாரம் இலவசம். ஏறிய தண்ணீரை இறைக்கச் செலவில்லை. ஆற்றில் கடப்பாரை பிடித்தவர்களில் பெரும்பாலோர் காலனிப் பெண்கள், ஒரு சென்ட் நிலம் இல்லாதவர்கள். அவர்களுக்குக் கிடைத்தது அன்றைய கூலி. 2014-15-ல் தமிழ்நாட்டுக்கு அறிவித்த கூலி நாளுக்கு 167 ரூபாய். தெருக்குழாயில் தண்ணீர் ஒழுங்காக வந்தது, களையெடுப்பு, நடவு என்று இரண்டு மாதம் கூடுதல் வேலை வந்தது. அதுவும் லாபம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நிலத்தடி நீர் ஊர்ப் பொதுச் சொத்தாகச் சேர்ந்து தனியார் தென்னந்தோப்பில் செலவாவதை அந்தப் பெரிம்மா என்னைவிடத் தெளிவாகப் பார்த்தார். "நாம வங்கியில போட்டோம், அவங்க செக்கு எழுதுறாங்க" என்றார். ஆற்றை மீட்பது எப்படி என்று கேட்டு வருகிறவர்களிடம், மீட்ட தண்ணீரைப் பங்கிடுவதற்கும் கிராம சபையில் ஒரு தீர்மானம் போடுங்கள் என்று நான் சொல்வதுண்டு. குறித்துக்கொண்டு போகிறார்கள்.

வெயில் இன்னொரு கணக்கு. சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் ஆய்வாளர் வித்யா வேணுகோபாலும் குழுவினரும் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். கடும் வெப்பத்தில் வேலை செய்த பெண்களுக்குக் கரு கலைவதும் குழந்தை இறந்து பிறப்பதும் ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று கண்டார்கள். அந்த ஆய்வு 2024-ல் வெளிவந்தது. எங்கள் தளத்தில் அதிகாலையில் தொடங்கிச் சீக்கிரம் முடித்துக்கொள்ள முடிந்தது. நிழலுக்குக் கொட்டகையும் குடிக்கத் தண்ணீரும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் தரவேண்டும் என்று சட்டத்திலேயே எழுதியிருந்தது. எல்லா இடத்திலும் எல்லாம் நடந்தது என்று நான் சொல்லவில்லை. எழுதியிருந்தது, அதனால் கேட்க முடிந்தது.

இப்போது கன்சால்பேட்டைக்கு வருகிறேன்.

அக்கா பீடி சுற்றுகிறாள். இரவே இலையை நனைத்து வைத்து, காலையில் அளவுத் தகடு வைத்து வெட்டி, மடியில் முறத்தோடு உட்கார்ந்தால் ஆயிரம் முடியும் வரை எழுந்திருக்க மாட்டாள். மேலே சிமெண்ட் ஷீட். ஃபேன் இருக்கிறது, ஆனால் போட முடியாது. காற்றடித்தால் தூள் பறக்கும், இலை காய்ந்து உடையும். 2024 மே மாதத் தொடக்கத்தில் வேலூர் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டது. ஆனால் அது வெட்டவெளியில் நிழலில் வைத்த கருவியின் கணக்கு. ஷீட்டுக்குக் கீழே, அடுப்பும் எரிகிற பத்தடி அறைக்குள் எவ்வளவு என்று யாரும் அளக்கவில்லை. இரவிலும் ஷீட்டும் சுவரும் சூட்டைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கும். பகல் சூட்டோடு இந்த இரவுச் சூடும் சேர்ந்துதான் உடம்பை அழிக்கிறது, ஏனென்றால் தூக்கத்தில்தான் உடம்பு தன்னைத் தேற்றிக்கொள்ளும். ஆம்பூரில் இருக்கும் என் நாத்தனாருக்கும் இதே நிலைதான். கம்பெனி ஏஜென்டிடம் ஷூ அப்பர் வாங்கி வந்து வீட்டில் தைக்கிறார், ஜோடிக்கு இவ்வளவு என்று. வீடுதான் தொழிற்சாலை. ஆனால் தொழிற்சாலைகளுக்கான சட்டம் அந்த வாசற்படியைத் தாண்டி வருவதில்லை.

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறந்தவர் குடும்பத்துக்கு நான்கு லட்சம் ரூபாய். நல்ல அறிவிப்பு. ஆனால் வெயிலால் இறந்தார் என்று யார் எழுதித் தருவது? எங்கள் ஒன்றியத்தில் வேலூர் சி.எம்.சி.யின் சமுதாய நலத்துறை பல பத்தாண்டுகளாக ஊர்ப் பெண்களையே பகுதிநேர சுகாதாரப் பணியாளராக வைத்துப் பிறப்பு, இறப்பு, பிரசவம் எல்லாவற்றையும் வீடு வீடாகப் பதிந்து வருகிறது. யார் வீட்டில் எந்தக் கிழவி படுத்திருக்கிறாள் என்பது அந்தப் பெண்ணின் நோட்டில் இருக்கும். டவுனில் ஒரு சந்துக்குள் மே மாதம் ஒரு பெரியவர் போய்ச் சேர்ந்தால் 'நெஞ்சுவலி' என்பதோடு முடிந்துவிடும்.

பிறகு மழை. காற்றின் சூடு ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் அது ஏறக்குறைய ஏழு சதவீதம் கூடுதல் ஈரத்தைச் சுமக்கும் என்பது இயற்பியல். பத்து நாள் பெய்யவேண்டியது இரண்டு நாளில் கொட்டுவதன் காரணங்களில் அது ஒன்று. 2021 நவம்பரில் பாலாற்றில் ஒரு லட்சம் கனஅடிக்கு மேல் வெள்ளம் போனது. அந்த மாதம் 19-ஆம் தேதி பேரணாம்பட்டில் மழையில் ஊறிய வீட்டுச் சுவர் இடிந்து ஒன்பது பேர் இறந்தார்கள், அதில் நான்கு குழந்தைகள். அதே மழையில் கன்சால்பேட்டையில் நிக்கல்சன் கால்வாய் பொங்கி அக்கா வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். அவள் முதலில் தூக்கிக்கொண்டு ஓடியது ரேஷன் கார்டையோ நகையையோ அல்ல, பீடி இலை மூட்டையை. நனைந்தால் ஏஜென்ட் அவள் கணக்கில் பிடித்துக்கொள்வான்.

எங்கள் ஊரில் வெள்ளம் வந்தபோது அந்தத் தண்ணீர் உள்ளே இறங்க நாங்களே வெட்டிய வழி இருந்தது. அவள் தெருவில் ஏன் அப்படி ஒன்று இல்லை? அங்கே உள்ள பெண்கள் எங்களைவிடச் சோம்பேறிகளா? கையில் அதிகாரம் இல்லை, அவ்வளவுதான். எங்களுக்கு ஒரு சட்டம் சொன்னது: வேலை கேள், பதினைந்து நாளில் கொடுக்கவேண்டும். எந்த ஓடை, எந்த ஏரி என்று கிராம சபையில் தீர்மானம் போடு. டவுனில் மூன்று குறைகள். வேலை கேட்க உரிமை இல்லை, இடம் சொல்ல அப்போது சபை இல்லை, நிற்கிற நிலத்துக்கே பல தெருக்களில் பட்டா இல்லை. கால்வாய்ப் புறம்போக்கில் இருப்பவர் கூரையைச் செலவு பண்ணி மாற்றுவாரா? நாளைக்கு இடிக்க வருவார்களோ என்ற பயத்தில் ஷீட்டுக்கு மேல் தார்ப்பாயைத்தான் போடுவார்.

இதையெல்லாம் டவுனில் சரிசெய்யப் பணம் எங்கே என்று கேட்பார்கள். எங்கள் தோல் பகுதிக்கு இந்தக் கேள்விக்குப் பழைய பதில் ஒன்று இருக்கிறது. தோல் பதனிடும் ஆலைகள் பாலாற்றைக் கெடுப்பதை எதிர்த்து 1991-ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28-ல் நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்பளித்தது. ஒரு கிலோ தோலைப் பதப்படுத்த 35 லிட்டர் தண்ணீர் வேண்டும் என்பதும், சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாழாகிவிட்டது என்பதும் அந்தத் தீர்ப்பில் இருக்கின்றன. மாசு செய்தவரே செலவைத் தரவேண்டும் என்ற நியதி இந்தியச் சட்டத்தில் வேர்விட்டதற்குப் பாலாறு ஒரு முக்கியக் காரணம். 2001-ல் 29,193 பேருக்கு 26.82 கோடி ரூபாய் இழப்பீடு கணக்கிட்டார்கள். அதற்கும் பின்னால், 2025 ஜனவரி 30-ல், உச்ச நீதிமன்றம் திரும்பவும் தலையிட்டு, பாக்கி இழப்பீட்டை அரசு ஆறு வாரத்தில் கொடுத்துவிட்டு மாசு செய்தவர்களிடம் வசூலிக்கவேண்டும் என்று உத்தரவு போடவேண்டியிருந்தது. மனு போட்டபோது பிறந்த குழந்தைக்கு அதற்குள் முப்பது வயது தாண்டிவிட்டது. அந்த நியதி சரி, ஆனால் அதை மட்டும் நம்பி அக்கா காத்திருக்க முடியாது.

காத்திருக்காமல் செய்து காட்டியவர்கள் உண்டு. அகமதாபாத்தில் 2010 மே மாத வெயிலில், வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்தார்கள். அந்த நகரம் 2013-ல் வெப்பச் செயல்திட்டம் போட்டது, தெற்காசியாவில் அதுவே முதல். அதைவிட எனக்குப் பிடித்தது மகிளா ஹவுசிங் டிரஸ்ட் என்ற அமைப்பு செய்தது. குடிசைப் பகுதிப் பெண்களையே குழுவாக்கி, ஷீட்டுக் கூரைகளில் வெயிலைத் திருப்பியடிக்கும் வெள்ளைப் பூச்சு அடிக்கவைத்தார்கள். அப்படிப் பூசினால் வீட்டுக்குள் இரண்டிலிருந்து ஐந்து டிகிரி வரை குறையும் என்று அளந்திருக்கிறார்கள். பீடி சுற்றும் வீட்டில் ஃபேன் போடமுடியாது, ஆனால் கூரைக்கு வெள்ளை அடிக்க முடியும்.

ஒடிசா இன்னும் ஒரு படி மேலே போனது. 2017-ல் குடிசைவாசிகளுக்கு நில உரிமைச் சட்டம் கொண்டுவந்து, வீட்டை இடிக்க வருவார்களோ என்ற அந்தப் பயத்தை முதலில் போக்கினார்கள். 2020-ல் கொரோனா வந்தபோது நகரக் கூலித் திட்டம் ஒன்றைத் தொடங்கி, வடிகால், மழைநீர்க் குழி, பூங்கா வேலைகளைக் காண்ட்ராக்டரிடம் தராமல் மகளிர் குழுக்களிடமும் குடிசைவாசிகள் சங்கங்களிடமும் கொடுத்தார்கள். நாகநதியில் நாங்கள் செய்ததை அவர்கள் தெருவில் செய்தார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

இங்கேயும் விதை போட்டாகிவிட்டது. அரசு அமைத்த சி. ரங்கராஜன் குழு நகரத்துக்கும் இப்படி ஒரு வேலைத் திட்டத்தை 2020-லேயே பரிந்துரைத்தது. தமிழ்நாடு நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டம் 100 கோடி ரூபாயில், தேர்ந்தெடுத்த மண்டலங்களிலும் நகராட்சி, பேரூராட்சிகளிலும் சோதனையாக வந்தது. கேரளா 2010-லேயே அய்யன்காளி பெயரில் நகரங்களுக்கு நூறு நாள் வேலை கொடுத்த மாநிலம். நம்முடையது சோதனை என்ற சொல்லைத் தாண்டிச் சட்டமாகவேண்டும் என்பது என் கட்சி. திட்டத்தை அடுத்த பட்ஜெட்டில் மறந்துவிடலாம், சட்டத்தை அப்படி மறக்க முடியாது.

சபையும் வந்துவிட்டது, பலருக்குத் தெரியவில்லை. 2022 நவம்பர் 1 முதல் தமிழ்நாட்டு நகரங்களில் பகுதி சபை உண்டு. முதல்வர் அன்று பம்மலில் ஒரு பகுதி சபையில் உட்கார்ந்தார். நம் கிராம சபைக்கு நகரத்துத் தங்கை அது. ஜனவரி 25, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10 ஆகிய நாட்களில் கூடவேண்டும். அக்காவிடம் சொன்னதற்கு, "நான் போனா அன்னைக்கு ஆயிரத்த யாரு சுத்துவா?" என்று கேட்டாள். நியாயம்தான். கூட்டம் போடும் நேரத்தை வேலை செய்யும் பெண்களுக்குத் தகுந்தபடி மாலைக்கு மாற்றுவதும் பகுதி சபையில் கேட்கவேண்டிய ஒன்றுதான்.

நகரத்தில் இருக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பகுதி சபை எந்தத் தேதியில், எங்கே கூடுகிறது என்று உங்கள் கவுன்சிலரைக் கேளுங்கள். போகும்போது உங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் ஷீட்டு வீட்டுப் பெண்கள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள். கூரைக்கு வெள்ளைப் பூச்சு, கால்வாய் தூர்வாரும் வேலை உள்ளூர்ப் பெண்களுக்கு, குடியிருக்கும் இடத்துக்குப் பட்டா என்று அவர்கள் வாயாலேயே கேட்கட்டும். தீர்மானப் புத்தகத்தில் எழுதியாயிற்றா என்று பார்த்து, நகல் வாங்கிக்கொண்டு வீடு திரும்புங்கள்.